முறை நாளும் சவுக்கடியும்

கோட்டைக் காவலிலிருந்து தப்பினால் சவுக்கடி என்பது டச்சுக்காரர் சட்டம். ஏரியில் தன் முறை நாளன்று வலை போடாத வீடு அந்த முறையை இழந்துவிடும் என்பது எங்கள் குப்பத்துச் சட்டம்.

சுங்கக்காரனை அறைந்ததற்காகக் கோட்டைக்குள் கிடந்த என் வீட்டுக்காரர், எங்கள் முறை நாள் விடியலில் மதிலேறிக் குதித்து வந்து வலை போட்டார். மீனை என் கூடையில் கொட்டிவிட்டு, ஈரக் கோவணத்தோடு தாமே கோட்டைக்குத் திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் வைத்தே அடித்தார்கள். பாவிகள், ஓர் அடியைக்கூடக் குறைக்கவில்லை. அடித்து முடித்ததும் அதிகாரி கேட்டதைத் துபாஷி எங்கள் பேச்சில் சொன்னார்: "இன்னாடா, இனிமே ஓடுவியான்னு கேக்கறாரு."

என் வீட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"மழைக்கு முன்னாடி எங்க முறை இன்னொரு தபா வருதுங்க. அன்னிக்கு மட்டும் போய்ட்டு வந்துடறேன்."