தண்ணீர் கலக்காதவர்

திகனயில் எங்களுக்குப் பால் தந்தவர் வெள்ளைத் தொப்பியும் முழங்கால்வரை சேறுமாகவே இருப்பார். பாலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்காதவர் என்று ஊரே சொல்லும். மாட்டுக்கொட்டில் கழுவிய நீரையும் அவ்வாறே கலப்பின்றித் தன் போஞ்சி அவரைப் பாத்திகளுக்குப் பாய்ச்சினார். இலைகள் ஓரம் கருகின. மண்ணில் உப்புப் பூத்தது. அந்தப் போகமே அழியும் நிலையில், பாடசாலையில் விவசாயம் கற்பித்த என்னை அழைத்துக் காட்டினார்.

"கழுவின நீரில் பல மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்" என்றேன்.

"தண்ணி கலக்கிற பழக்கம் எங்கட வாப்பாக்கும் இல்ல, டீச்சர்."

"இது பால் இல்லையே."

"அது எனக்குத் தெரியும். ரோட்டால போற சனத்துக்குத் தெரியுமா? கொட்டிலடியில நான் தண்ணி வாளியோட நின்டா என்ன நினைக்கும்? நீங்களே ஊத்துங்க. நான் அங்கால பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

நான் கலந்து ஊற்றினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி, தெருவில் போவோருக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போஞ்சி பிழைத்தது. முதல் பறிப்பை ஒரு பை நிறைய, கண் கலங்கத் தந்தார். ஆயினும் அதன்பின் நான் பால் வாங்கச் சென்றால், கேனைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டே பேசத் தொடங்குவார். அது தற்செயல்தானா என்று கேட்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.