இறங்கத் தெரியாத வண்டி

அவருக்கென்று முறையான பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சம்பளப் பட்டியலைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. கோல்ஃப் மைதானத்தில் எல்லோருக்கும் அவர் ஓட்டைச்சட்டை. வண்டிக் கொட்டகையில் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, சார்ஜ் ஏற்றுவது, முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டுவது, இதுதான் வேலை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஆசிட் எங்காவது ஒரு துளி தெறித்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்து உதறினால் சட்டை முழுக்க மிளகு மிளகாக ஓட்டை. "உங்க சட்டையில மாவு சலிக்கலாம்" என்பாள் மனைவி. அதே மைதானத்துக் கேன்டீனில் கல்லாவில் இருந்தவள் அவள்.

ஒரு மழைநாளில் கொட்டகைச் சாய்தளத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் கட்டிலில் கிடந்தபோதே மைதானத்தையும் மூடிவிட்டார்கள். புல்வெளி வீட்டுமனையாயிற்று. ஊன்றுகோலோடு கடைசியாகப் பார்க்கப் போனவரிடம் மேனேஜர், "மூலையில ஒரு பழைய வண்டி நிக்குது. யாருக்கும் வேண்டாமாம். நீ எடுத்துக்கிறியா?" என்றார். கேட்டு முடிப்பதற்குள் ஓட்டைச்சட்டை அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மனைவிக்கு வனத்துறையில் வேலை கிடைத்தது. ஊருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் மலையின் உச்சியில் காட்டுத் தீயைக் கவனிக்கும் கோபுரம் ஒன்று உண்டு. வெயில் காலம் முழுக்க அங்கேயே தங்கி, எங்கே புகை எழுகிறது என்று பார்த்து வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை ஜீப் தண்ணீரும் அரிசியும் கொண்டு போகும். வெயில் காலம் முடியும்வரை அவள் கீழே வர முடியாது.

அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் கோபுரம் தீக்குச்சி அளவுக்குத் தெரியும். கைப்பிடிக் கம்பியில் அவள் போர்வையைக் காயப்போட்டால் அதுகூடத் தெரியும். ஓட்டைச்சட்டை அங்கேயே நின்று சாப்பிடுவார். தனியாக அந்த உச்சியில் என்ன பாடுபடுகிறாளோ என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது. போனில் கேட்டால், "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க மருந்து போட்டீங்களா?" என்பதோடு பேச்சை முடித்துவிடுவாள். அப்படிச் சொல்வதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மேலே போய் அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்தார். ஜீப்பில் தொற்றிக்கொண்டு போக மானம் இடம் கொடுக்கவில்லை. நடக்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை. மிச்சம் இருந்தது வண்டி.

மனைவியின் தங்கை கடைத்தெருவில் டயர் கடை வைத்திருந்தாள். லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றுபவள். வாய் அதைவிட பலம்.

"மாமா, இது புல்லுல உருட்டுற வண்டி. மலையைக் காட்டினா மயங்கி விழுந்துடும்."

"பெரிய டயரா போட்டுக் கொடு. கொஞ்சம் உயரமா தூக்கி வெச்சுட்டா கல்லு தட்டாது."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா?"

மச்சினி சிரித்துவிட்டு வேலையில் இறங்கினாள். ஸ்பிரிங்குக்கு மேலே இரும்புத் துண்டுகள் வைத்து உடம்பைத் தூக்கினார்கள். பட்டை பட்டையாகப் பல் வைத்த டயர்கள் நாலு மாட்டினார்கள். வண்டி கன்றுக்குட்டி திடீரென்று குதிரையானது போல நின்றது. ஓட்டைச்சட்டை நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார்.

கடைசி வீட்டைத் தாண்டி முதல் மேட்டில் பாதிகூட ஏறவில்லை. மோட்டார் முனகியது, கருகல் வாடை வந்தது, வண்டி அப்படியே படுத்துவிட்டது. முன்பு சின்ன டயரோடு இதே மேட்டில் இதைவிட மேலே போயிருக்கிறது. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மச்சினி பின்னாலிருந்து தள்ளியபடியே சொன்னாள்:

"சைக்கிள்ல மேடு ஏறணும்னா எந்தப் பல்லுல போடுவீங்க? லேசா மிதிக்கிற பல்லுலதானே? சக்கரத்தைப் பெருசாக்கி நாம அதுக்கு நேர்மாறா பண்ணி வெச்சிருக்கோம். மோட்டார் பாவம், ஒரு சுத்துக்கு ரொம்ப தூரம் இழுக்க வேண்டியிருக்கு."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"எனக்கும் இப்பத்தான் தோணிச்சு மாமா."

பின் அச்சைப் பிரித்து, மெதுவாக ஓடினாலும் அதிகம் இழுக்கும் பல்சக்கரங்களை மாட்டினார்கள். மோட்டாரும் பெரிதாயிற்று, அதைத் தாங்கும்படி, மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரையும் கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிளையும் மாற்றினார்கள். அதெல்லாம் அவருக்குச் சம்மதம். பேட்டரியில்தான் தகராறு வந்தது. பழைய ஆறு பேட்டரிகளும் கருங்கல்லாகக் கனத்தன. விபத்தில் நொறுங்கிய மின்சாரக் கார் ஒன்றின் லித்தியம் பேட்டரியை மச்சினி எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இதுக்குத் தண்ணி எங்க ஊத்துறது?" என்றார்.

"ஊத்தவே வேண்டாம்."

"தண்ணியே குடிக்காத பேட்டரியை எப்படி நம்புறது?"

"பாரம் பாதியாகுது மாமா. நம்பிக்கை தானா வரும்."

பழைய பேட்டரிகளை அவரே ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துச் சுவரோரம் வரிசையாக வைத்தார்.

மறுவாரம் ஒரு காலையில், மச்சினிக்குக்கூடச் சொல்லாமல் கிளம்பினார். முன் கூடையில் மணல் மூட்டை ஒன்று. இல்லாவிட்டால் செங்குத்தில் வண்டி முன்னங்காலைத் தூக்கும் என்று இடையில் ஓட்டிப் பார்த்தபோது பட்டறிந்திருந்தார். வண்டி நடக்கிற வேகத்தில்தான் போயிற்று. ஆனால் நிற்கவில்லை. ஓடையில் இறங்கி ஏறியது, உருளைக் கற்களை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மேலே போயிற்று. செம்மண் புழுதி எழுந்து பின்னால் வால்போல நீண்டது. கூட்டி வரும்போது சொல்ல வேண்டியதை ஓட்டிக்கொண்டே பழகினார். "போதும்மா. வீட்டுக்கு வா. நான் ஏதாவது வேலை பார்த்துக்கறேன்."

உச்சியில் நடந்தது பிறகு அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். வாக்கிடாக்கியை எடுத்து அவள் வனத்துறை ரேஞ்சருக்குச் சொல்லியிருக்கிறாள்: "கிழக்குச் சரிவுல புகை தெரியுது சார். மேல வந்துட்டே இருக்கு."

"என்ன நிறம்?"

"செம்மண் நிறம்."

"புகை எங்கம்மா செம்மண் நிறத்துல வரும்? நல்லா பாருங்க."

அவள் பைனாகுலரைத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறாள்.

"சார், அது புகை இல்ல."

"பின்ன?"

"எங்க வீட்டுக்காரர்."

ரேஞ்சர் கேட்டார்: "அவர் எரியிறாரா?"

"இல்ல சார். வண்டியில வர்றாரு."

வண்டி கோபுரத்தடியில் வந்து நின்றபோது அவள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். அவர் தலைமயிர், புருவம், மீசை எல்லாம் சிவந்திருந்தன.

"டீ போடவா, திட்டவா?"

"முதல்ல டீ. நீ திட்டி முடிக்க நேரமாகும்."

அவள் திட்டவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "சரி, இறங்குறது எப்படி?"

அந்தக் கேள்வி அதுவரை அவர் மண்டைக்குள் வரவே இல்லை. வண்டிக்கு இருந்ததெல்லாம் புல்தரையில் உருள்வதை நிறுத்தும் பழைய பின் பிரேக்தான். இருந்தாலும் வீம்பு விடவில்லை. டீ குடித்த தெம்பில், "இதோ பாரு" என்று பாதையில் கொஞ்சம் இறக்கிக் காட்டினார். பிரேக் முதலில் கத்தியது, பிறகு நாறியது, பிறகு எதுவுமே செய்யவில்லை. வண்டி தன் பாட்டுக்கு ஓடத் தொடங்கியதும் திருப்பிப் புதருக்குள் செருகினார். அவள் கத்திக்கொண்டே ஓடி வந்தபோது அவர் இலைகளுக்கு நடுவே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கீறல் மட்டும்தான்.

அடுத்த ஜீப் வர நாலைந்து நாளாகும். கோபுரத்துப் படிகளில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறி அறைக்குப் போனார். நாலு பக்கமும் ஜன்னல். நடுவில் ஒரு கட்டில், அடுப்பு, மேசைமேல் விரித்த வரைபடம்.

கூட்டிப்போக வந்தவர் அங்கே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்று மலைகளைக் கண்ணால் மேய்ந்தாள். எந்தப் பள்ளத்தில் காலைப் பனி தங்கும், எந்தச் சமையல் புகை யார் வீட்டுடையது, எது கரி சுடும் மூட்டத்துப் புகை என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் மதியம் வடக்கே நூல் மாதிரி ஒன்று எழுந்தது. அவருக்குக் காட்டியும் தெரியவில்லை. அவள் பதறாமல் இடத்தைச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் ஆட்கள் போய் அணைத்துவிட்டார்கள். "நல்ல நேரத்துல சொன்னீங்கம்மா" என்று ரேஞ்சரின் குரல் வந்தது. அவள் முகத்தில் அப்போது வந்த மாதிரி ஒரு களை, கல்லாவில் உட்கார்ந்திருந்த அத்தனை வருஷத்திலும் அவர் பார்த்ததில்லை.

"உனக்கு இங்க பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

அவள் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "பிடிச்சிருக்குங்க. சொன்னா நீங்க மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

பழகி வைத்திருந்த வாக்கியத்தை அவர் விழுங்கிக்கொண்டார். நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது உண்மைதான். ஆனால் இத்தனை நாள் இவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று நினைத்து நின்றுகொண்டே சாப்பிட்டதை எண்ணியபோது அவருக்கே சிரிப்பு வந்தது.

ஜீப்பில் வந்த ரேஞ்சர் அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "நீங்கதான் அந்தப் புகையா?"

வண்டியைக் கயிறு கட்டி, ஜீப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க, அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். டயர் கடையில் மச்சினி காத்திருந்தாள்.

"ஏறுறதுக்கு இவ்வளவு செஞ்சீங்களே மாமா, இறங்குறதைப் பத்தி நினைக்கவே இல்லையா?"

"அவளை அழைச்சுட்டு வரணுங்கறது மட்டும்தான் மனசுல இருந்துச்சு."

மச்சினி ஸ்பானரை எடுத்தாள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தார்கள். காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி கன்ட்ரோலரை மாற்றினார்கள். இறங்கும்போது அதுவே பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜும் ஏற்றியது. சும்மா இறங்குவதற்குச் சம்பளம் கொடுக்கும் வண்டியை அவர் அப்போதுதான் பார்த்தார். லித்தியம் பேட்டரியின் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். உருண்டாலும் தலை தப்பட்டும் என்று மேலே வளைகம்பியும், இருவருக்கும் பெல்ட்டும் போட்டார்கள்.

ஜீப்புக்கு வேறு மலைகளிலும் வேலை இருந்தது. ரேஞ்சர் இரண்டு தரம் ஏற்றி இறக்கிக் காட்டச் சொன்னார். பிறகு தண்ணீர் கேன்களை ஓட்டைச்சட்டையிடமே ஒப்படைத்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் அவர் மேலே போவார். கேன்களை இறக்கிவிட்டு, படிகளில் பின்னோக்கி ஏறி, இரவு தங்கிவிட்டு வருவார். வடக்கு ஜன்னலை அவள் அவர் பொறுப்பில் விட்டாள். முதல் வாரம் மேகத்தையெல்லாம் புகை என்றார். அடுத்தடுத்த வாரங்களில் குறைத்துக்கொண்டார்.

முதல் மழை விழுந்து கோபுரத்தைப் பூட்டிய அன்று, "நான் ஓட்டுறேன், நீங்க அந்தப் பக்கம் தள்ளுங்க" என்றாள்.

"ஈரமா இருக்கும்மா."

"எங்க வழுக்கும்னு எனக்குத் தெரியும். தினமும் மேலருந்து இதைத்தானே பார்த்துட்டு இருந்தேன்."

அவர் தள்ளி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். வண்டி மெல்ல இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தன்னால் அழுத்தியது. அவள் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். ஓடைக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

"காலைச் சும்மா வெச்சுட்டு வேடிக்கை பாருங்க" என்றாள்.

அவர் காலை மடக்கிக்கொண்டு, மழையில் நனைந்து கறுத்திருந்த மலையைப் பார்க்கத் தொடங்கினார்.