பிடுங்கிய புல்லும் பீலித் தண்ணீரும்

எழுதத் தெரியாமல்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு சரி, அதற்குப் பிறகு கொழுந்துக் கூடைதான். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று பிடிபடவில்லை. சிலது மறந்தும் போகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள் நான். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் துணிந்துவிட்டேன்.

எங்கள் லயம் குன்னூருக்கு மேலே, ஒரு தேயிலைச் சரிவில் இருக்கிறது. தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய ஒற்றை அறை வீடுகள், காம்பரா என்போம், வரிசையாகக் குடும்பத்துக்கு ஒன்று. லயத்துக்குக் கீழே பீலி. மலையில் ஊறி வருகிற தண்ணீரை ஒரு இரும்புக் குழாயில் ஏந்தி விட்டிருக்கிறது, பக்கத்தில் துவைகல். பீலி என்ற பேச்சே நாங்கள் சிலோன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்ததுதான். நான் கப்பலேறி வந்தபோது பாவாடை கட்டிய பிள்ளை. மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள், பிறகு இந்த மலை. கல்யாணம், பிள்ளை, அவர் கண் மூடியது எல்லாம் இந்தக் காம்பராவில்தான்.

அந்தப் பீலி கோடையில் வற்றி நிற்க ஆரம்பித்தது. முதலில் சித்திரையில் நின்றது. அடுத்தடுத்த வருஷங்களில் மாசியிலேயே நின்றுவிட்டது. லாரித் தண்ணீர் வரும், வராமலும் போகும்.

மருமகள் ஒருநாள் காலிக் குடத்தை வாசலில் வைத்துவிட்டுச் சொன்னாள். "மாமி, அடுத்த கோடையும் இப்படின்னா நாம திருப்பூர் போயிரலாம். எங்கண்ணன் பனியன் கம்பெனியில சொல்லி வைக்குதாம். வீடும் பாத்துத் தருதாம்."

அவள் சொன்னதில் தப்பில்லை. நாளெல்லாம் தேயிலையில் நின்றுவிட்டு வந்து, குடத்தோடு ரோட்டில் நிற்பவள் அவள்தான். மகன் குன்னூரில் வண்டி ஓட்டுகிறான், இருட்டித்தான் வருவான். நான் சரி என்று தலையாட்டினேன். சின்ன வயசில் ஒருமுறை பிடுங்கி நட்டார்கள், பிழைத்துக்கொண்டேன். இந்த வயசில் இன்னொரு மண்ணில் போய் ஒட்டுவேனா?

பீலிக்கு மேலே இருப்பது சர்க்கார் காடு. காடு என்றாலும் எல்லாம் சீகை மரம், இங்கிலீஷில் வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம். முன்னொரு காலத்தில் பட்டைக்கும் விறகுக்கும் சர்க்காரே நட்டது. பிறகு அதுவாகவே விதை விழுந்து மலையை மூடிவிட்டது. அதற்கு முன்பு அங்கே மேடெல்லாம் புல்லும், ஈரமான மடிப்புகளில் சோலையும் இருந்ததாகப் பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பெரியவர்கள் சொல்வார்கள். சீகைதான் ஊற்றைக் குடித்துவிடுகிறது, அதை எடுத்துவிட்டுப் பழையபடி புல்லும் சோலையும் வைக்கவேண்டும் என்று பேச்சு வந்தது. பேச்சு வந்து வருஷமும் ஆனது. வெட்டவேண்டியது மாநில வனத்துறை. அதற்கு அனுமதியும், செலவில் ஒரு பங்கும் மத்திய சர்க்கார் தரவேண்டும். இவர்கள் கேட்டுவிட்டோம் என்பார்கள், அவர்கள் இன்னும் விவரம் வரவில்லை என்பார்கள்.

பக்கத்துக் காம்பராக்காரிக்கு வாய் சும்மா இருக்காது. "ஒரே ஊட்டுல மாமியாளுக்கு ஒரு அடுப்பு, மருமகளுக்கு ஒரு அடுப்பு. இவ பத்த வைப்பான்னு அவ, அவ பத்த வைப்பான்னு இவ. நடுவுல பட்டினி கெடக்கிறது நாம" என்றாள். சொல்லிவிட்டு என்னையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். நாங்களும் சிரித்துவிட்டோம்.

பிறகு ஒருநாள் இரண்டு சர்க்காரும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கியதை லயமே பார்த்தது. மாநிலத்து ஆள் வனவர். ஈரோட்டுப் பக்கத்துப் பையன், எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். மத்திய சர்க்காரின் ஆள் ஒரு மேடம். மண்ணும் தண்ணீரும் பார்க்கிற படிப்பாம். மைசூர் பக்கத்துக்காரர். ஆனாலும் நாங்கள் வைத்த பெயர் டெல்லிக்காரம்மா.

மேட்டில் நின்று இரண்டு பேரும் வாதாடியதை நான் ஒதுங்கி நின்று கேட்டேன்.

"வேரோட எடுக்கலீன்னா மறுபடி துளுத்துருமுங்க மேடம்."

"வேரோட எடுத்தா இந்தச் சரிவு மழையில நிக்குமா? கீழ லயம் இருக்கு, பாருங்க."

கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். சமமான இடத்தில் வேரோடு எடுப்பது. செங்குத்தான இடத்தில் பகுதி பகுதியாக வெட்டி, அடிக்கட்டையை விட்டுவைத்து, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளுவது. ஊற்று பிறக்கிற இடம் இன்னும் மேலே. கீழ்ப்பகுதி நன்றாக வந்தால்தான் அடுத்த வருஷம் மேலே போகலாம், அதை மேடம் வந்து பார்த்துத்தான் எழுதுவார் என்று ஏற்பாடு.

லயத்துப் பெண்களுக்கு வேலை கிடைத்தது. ஓய்வு பெற்றவள் என்று என்னை ஒதுக்கவில்லை. காலையில் சின்னப் பாலத்தடியில் பெரட்டு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. தோட்டத்தில் நடப்பது போலவேதான். மடிப்புகளில் சோலைக் கன்று வைத்தது நாங்கள். மேட்டில் புல் நட்டது கீழே ஊரிலிருந்து வந்த வேறு கூட்டம். மண் கரையாமலிருக்கக் கன்றுகளுக்கு இடையிலும் அவர்கள் புல் வைத்திருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது.

மழை ஓய்ந்து சாரலாக இருந்த நாளில் வனவர், "கன்னுங்கள்ல களை ஏறுதுங்க, பாத்து எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு, மச்சான் கல்யாணத்துக்கு லீவில் போனார்.

நாங்கள் பார்த்துத்தான் எடுத்தோம். புதிதாக நட்ட பிள்ளைத் தேயிலையில் எப்படி எடுப்போமோ அப்படி. தேயிலைக்காரிக்குப் புல் என்றால் விரோதி. செடிக்கு நடுவில் ஒன்று தெரிந்தால் கண் பார்க்கும் முன்பே கை போய்விடும். கொத்தாகப் பிடித்து, வேரோடு இழுத்து, மண்ணை உதறி, சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் கவிழ்த்துப் போட்டோம். இரண்டு நாளில் மடிப்பு முழுக்கச் சுத்தம். சோறு கொட்டி அள்ளலாம் போலிருந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

வனவர் திரும்பி வந்தார். பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இங்க இருந்த புல்லு எங்கீங்க?"

"எடுத்தாச்சு சார். ஒண்ணு விடல" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"அது நட்ட புல்லுங்க."

"புல்லைப் போயி யாராச்சும் நடுவாங்களா சார்? மேட்டுல நட்டீங்க, சரி. செடிக்கு நடுவுலயுமா?"

அவர் அங்கேயே ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை டெல்லிக்காரம்மா பார்க்க வருகிறார் என்று அப்போதுதான் சொன்னார். அவர் மாற்றி எழுதினால் மேலே வேலை நடக்காது. மேலே சீகை நின்றால் ஊற்று இல்லை. ஊற்று இல்லாவிட்டால் திருப்பூர். என் கை பிடுங்கியதும் அந்த வரிசையில்தான் கிடந்தது.

"அந்தம்மா வர்றதுக்குள்ள மேலாக்க சொருகி வச்சிருவோமா சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்ததை நான் பார்த்தேன். பிறகு, "வேண்டாமுங்க. சொல்லிப் போடறேன். ஒளிச்சு வச்சா அவிய எப்படி நம்மள நம்புவாங்க?" என்றார்.

மறுநாள் ஜீப் வந்தது. நாங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றோம். வனவர் நேராகப் போய், "மேடம், நான் சரியாச் சொல்லாம போயிட்டனுங்க. புல்லும் சேந்து போயிருச்சு. தப்பு எங்க பக்கம்" என்றார்.

மேடம் மடிப்பைச் சுற்றி நடந்தார். மண் பளிச்சென்று கிடந்தது. முந்திய நாள் பெருமைப்பட்ட அந்தச் சுத்தத்தை இப்போது பார்க்கவே முடியவில்லை. என் பக்கம் வந்ததும், "பிடுங்கினது எங்கம்மா?" என்று கேட்டார். குறுக்கே போட்ட வரிசையைக் கையால் காட்டினேன்.

குனிந்து ஒரு கொத்தை எடுத்துப் புரட்டினார். வெயில் இல்லாத நாட்கள். மேலே இருந்தது வாடியிருந்தாலும் அடியில் கிடந்தவற்றின் வேர் வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

"நிறைய உயிரோட இருக்கு" என்றார். பிறகு வனவரிடம், "களை எடுக்கணும்னு நீங்க சொன்னீங்க. எது களைன்னு வந்து காட்டவேண்டியது நாங்க. நாங்களும் காட்டல. பாதிப் பாதி வச்சுக்கலாம்" என்றார்.

வனவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. மேடம் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு உட்கார்ந்தார். வனவரும் உட்கார்ந்தார். சாரலிலேயே எல்லாரும் சேர்ந்து திரும்ப நட்டோம்.

பக்கத்துக் காம்பராக்காரி என் காதோரம், "பாத்தியாக்கா, ரெண்டு சர்க்காரும் மண்டி போட்டிருக்கு. போட்டோ எடுத்து மாட்டணும்" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மேடத்துக்குக் கேட்டுவிட்டது போல. "நீங்களும் மண்டி போடுங்க, படத்துல இருக்கணும் இல்ல?" என்றார்.

எல்லாம் பிழைக்கவில்லை. போனது போனதுதான், அந்த இடத்தில் வேறு நாற்று கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் மேடம் நல்லபடி எழுதினார். அடுத்த வருஷம் ஊற்றுக்கு மேலே இருந்த சீகையும் போனது. புல்லைத் திரும்ப நட்ட அன்றிலிருந்து பெரட்டில் ஒரு வழக்கம் வந்தது. களையெடுப்பு நாளில் வனவர் ஒரு கையில் களை, ஒரு கையில் புல்லைத் தூக்கிக் காட்டி, "இது போகோணும், இது இருக்கோணும்" என்பார். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலத் திருப்பிச் சொல்வோம். சிரிப்பாக இருக்கும். கை மட்டும் இப்போதும் புல்லைக் கண்டால் துடிக்கத்தான் செய்கிறது.

நடுவில் ஒரு கோடையிலும் பீலி நின்றது, மேலே வெட்டிய பிறகு பார்ப்போம் என்று மருமகள் திருப்பூரைத் தள்ளி வைத்தாள். வெட்டிய பிறகு வந்த கோடையில் மாசி போனது, பங்குனி வந்தது. பீலி மெலிந்தது. நான் தினமும் போய்ப் பார்ப்பேன், மருமகளிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். அவளும் என்னிடம் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சித்திரையில் ஒரு காலை வேலைக்குப் போகுமுன் குழாய்க்கடியில் குடத்தை வைத்துவிட்டுப் போனாள். நூல் போலத்தான் விழுந்தது. சாயந்தரம் குடம் நிறைந்து, வழிந்து, துவைகல் நனைந்திருந்தது.

அன்று அவள் அண்ணனோடு போனில் பேசியது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. "இல்லண்ணே, வீடு பாக்க வேண்டாம். இங்க தண்ணி நிக்காம வருது. மாமியும் இங்கனயே கெடந்து பழகிருச்சு." பிறகு மெல்ல, "எனக்குந்தான்" என்றாள். நான் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன். எத்தனை தண்ணீர் மாற்றினேனோ தெரியாது. அவள் வந்து, "மாமி, தண்ணி வந்துருச்சுன்னு இப்படியா கொட்டுறது?" என்று அதட்டினாள்.

சீகை போனதால்தான் பீலி நிற்கவில்லையா, அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததாலா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் மேடம், இன்னும் சில கோடை பார்க்கவேண்டும் என்கிறார். எந்தச் சர்க்கார் எந்த வேலைக்கு எவ்வளவு பொறுப்பு என்பதையும் நான் மாற்றி எழுதியிருக்கலாம். சீகையை எந்த இடத்தில் வேரோடு எடுத்தார்கள், எங்கே வெட்டி விட்டார்கள் என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். வனவரையோ மேடத்தையோ கேட்டால் சொல்வார்கள். பீலியைப் பார்க்க வந்தால் எங்கள் காம்பராவுக்கும் வாருங்கள், தேநீர் வைக்கத் தண்ணீர் இருக்கிறது.