அப்பா வாங்கிய முப்பது சென்ட்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று வாங்கிவந்த மரச்சீனிக் கிழங்கில் ஈரமண் ஒட்டியிருந்தது. வேலை முடிந்து வரும் அப்பாவின் மணம் அது. விளவங்கோட்டிலிருந்து கொல்லயில் என்ற ஊருக்குக் கூலிக்கு வந்தவர், முதலாளிக்காகப் பல வருடங்கள் கொத்திய நிலத்திலேயே முப்பது சென்ட் வாங்கினார். இனி அப்பா கூலிக்குப் போகமாட்டார் என்று அப்போது நான் படித்த பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

பத்திரம் பதிந்த அன்று அப்பா மம்பட்டியோடு வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

“எறங்கி வெட்டுங்க. நம்ம மண்ணாக்கும்,” என்றாள் அம்மா.

“எங்க வெட்டணும்னு ஆராவது சொன்னாத்தான் கை எழும்பும்.”

“அப்போ நான்தான் மொதலாளி, சொல்லுதேன், அந்த மூலையில வெட்டும் ஓய்!”

நான் சிரித்தேன். அப்பா மெல்ல எழுந்து, “நாளைக்குப் பாப்பம், மக்கா,” என்றார்.

மறுநாள் காலையில் அப்பா பழைய முதலாளி வீட்டுக்குக் கூலிக்குப் போனார்.