பந்தல் வெளிச்சத்தில் படிக்கும் எழுத்து

அன்று காலை திராட்சைப் பந்தலடியில் மூன்று பேர் இருந்தோம்: நான், என் மனைவி செல்வி, மருந்து தெளிக்க வந்த மொக்கையன். நான் சரிந்ததை முதலில் பார்த்தவர் மொக்கையன்தான். செல்வி ஓடிவந்து ஈறில் சர்க்கரையைத் தேய்த்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் தாழ்சர்க்கரை (இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்குவது) என்றார்கள். காரணம் நான்தான். செல்வியின் தம்பி ராசு கம்பத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். வாரம் ஒருமுறை டாக்டரிடம் கேட்டு, இன்சுலின் அளவை எனக்கு மெசேஜில் அனுப்புவான். வாயால் சொன்னால் மறந்துவிடுமோ என்று பயந்து எழுத்தில் கேட்டவன் நானே. அவன் அனுப்பியது 10. நான் படித்தது 18.

மதுரைக் கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுவில் நீர்க்கோப்பு (சர்க்கரையால் வரும் வீக்கம்) என்றார். “போன பார்வை முழுசாத் திரும்பும்னு சொல்ல மாட்டேன். இருக்கிறதை லேசர்ல காப்பாத்தலாம்.”

வீட்டுக்கு வந்ததும் செல்வி ஊசி டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டாள். “இனிமே நீங்க இதத் தொடாதீக.”

எனக்கு அது பிறகு வைத்த லேசரைவிட வலித்தது. என் ஊசியை நானே போட வேண்டும். அதற்கு அந்த எண் எனக்குத் தெரிய வேண்டும்.

லேசர் முடிந்து, எழுத்துவகையை மாற்றக்கூடிய பழைய போன் ஒன்றைத் தேடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் காட்டியது சுருள் சுருளான எழுத்து.

“இதுல கல்யாணப் பத்திரிகையா தம்பி அடிக்கப் போறேன்?” என்றேன். சிரித்துவிட்டு வேறு ஐந்தாறு ஏற்றினார். டியூப்லைட்டில் எல்லாமே நன்றாக இருந்தன. பந்தலடியில் இலைக்கு இலை வெயில் விழுமே, அங்கே? கெஞ்சிக் கேட்டு, போனைக் கடனாகத் தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். மெல்லிய கோடுகள் எல்லாம் அங்கே கரைந்துபோயின.

உங்களுக்கும் இந்த நோய் இருந்தால் கேளுங்கள். அழகைப் பார்க்காதீர்கள். ஒரே தடிப்பான கோடு, எட்டின் இரண்டு வயிறும் திறந்திருப்பது, ஆறின் வால் ஒட்டாமல் நிற்பது, இதைப் பாருங்கள். ஆகப் பெரிய அளவும் வேண்டாம். எண் திரைக்குக் கீழே போய்விடும். அதற்கு ஒருபடி குறைத்து வைத்தேன்.

செல்வி நம்பவில்லை. பத்து நாள் ராசுவிடம் ஏதேதோ எண்களை அனுப்பச் சொல்லி, பந்தலடியில் என்னைப் படிக்க வைத்தாள். ஒன்றும் தவறவில்லை. பதினோராம் நாள் டப்பா கீழே இறங்கியது.

முன்பு ஒரே பார்வையில் முடிந்த எண் இப்போது மூன்று மூச்சு கேட்கிறது. கொடுக்கிறேன். கண்ணுக்கு அவசரம் கிடையாது என்று பழகிவிட்டது.

நேற்று கடைக்காரர் மெசேஜ் அனுப்பியிருந்தார். யாரையும் கூப்பிடாமல், பந்தலடியில் நின்றே படித்தேன்: போன் பாக்கி ரூ. 860.