இரைச்சலுக்குள் ஒரு கப்பல்

இத்தனை வருடமாகச் சிறு செயற்கைக்கோள்களைப் பற்றிப் பாடம் நடத்திய நான், மாணவர்களோடு சேர்ந்து செய்த முதல் செயற்கைக்கோள் அது. எங்கள் தீவின் கராச்சர்மாவில், கல்லூரி ஆன்டெனாவுக்கு மேலே அது முதல்முறை கடந்தபோது ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்தான் வந்தது.

அந்த இரைச்சல் எனக்குப் பழக்கம். அம்மா துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். பள்ளி விட்டதும் அவள் அறையில்தான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் புயலில், பக்கத்துத் தீவான ஹட்பேயிலிருந்து கிளம்பிய கப்பல் பதில் சொல்லவில்லை. அறை முழுக்கச் சூடான வயர் நாற்றம். கப்பலில் இருந்தவர்களின் வீட்டுப் பெண்கள், ஷாதிபூர்க்காரர்கள், வாசலில் நனைந்து நின்றார்கள்.

"தீதி, குச் போலா க்யா?" என்று, ஏதாவது பதில் வந்ததா என ஒரு வங்காளி அம்மாள் கேட்டாள். இன்னும் இல்லை என்று அம்மா இந்தியிலேயே நிதானமாகச் சொன்னாள்.

அந்தக் கப்பலின் இன்ஜின் அறையில் அப்பாவும் இருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தினாள்.

"சொல்லாத. என் மூஞ்சியப் பாத்துதான் அவங்க நிக்கிறாங்க."

பொழுது சாயும்போது ஒரு குரல் கரகரத்தது. இன்ஜின் நின்று மின்சாரமும் போயிருந்ததாம், எல்லோரும் பத்திரம். அம்மா வாசலுக்குப் போய் உரக்கச் சொன்னாள். திரும்பி வந்து தண்ணீர் கேட்டாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"மேடம், அவ்வளவுதானா?" ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற ஒரு மாணவி கேட்டாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அடுத்த சுத்துல கேப்போம்," என்றேன்.

அடுத்த சுற்றில் செயற்கைக்கோள் பேசியது. பிள்ளைகள் கத்திக் குதித்தார்கள். நான் வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் எடுத்ததும் பேச வராமல் அழுதேன்.

"வந்துருச்சுல்ல?" என்றாள் அம்மா.