வலப்பக்கத்துப் போல்ட்

உரிமப் புத்தகத்தில் ஒரே ஒரு ஆயுதத்துக்குத்தான் இடம் கொடுத்திருந்தார்கள். அதை வாங்கிப் பதிவு செய்ய ஒரு கெடுவும் போட்டிருந்தார்கள். விண்ணப்பம் எழுதியது முதல் செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்தில் மேஜை மேஜையாக நின்றது வரை எல்லாம் நானே செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கேட்டு எழுத வீட்டில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், வாசலில் லோடு வேனைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் காகிதத்தை நீட்டி, "இன்னாபா, பொண்ணு பேரு போட்டுக் கீது. தப்பா எழுதிட்டாங்களா?" என்றார்.

"பொண்ணுக்குத்தான் சார் துப்பாக்கி," என்றார் அப்பா, குழாயை மூடாமல். "எனக்கு வேன் போதும்."

குப்புறப் படுத்து ஐம்பது மீட்டர் தூரத்துக் காகித வட்டத்தைச் சுடும் போட்டி என்னுடையது. கல்லூரியில் என்.சி.சி. வழியாகத் தொற்றிக்கொண்டது. மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு சிறிய கிளப் இருக்கிறது. வார நாட்களில் ஐ.டி. அலுவலகம், சனி ஞாயிறு திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் பிடித்து அங்கே. நான்கு வருடம் கிளப்பின் இரவல் துப்பாக்கியிலேயே சுட்டேன். மாநிலப் போட்டியில் தகுதி மதிப்பெண்ணை எட்டாமல் மூன்று முறை திரும்பினேன். மூன்று முறையும் குறைந்தது கொஞ்சம்தான். சொந்தத் துப்பாக்கி இருந்தால் எட்டலாம் என்று நம்பினேன்.

பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டுவது என்று முடிவு செய்தேன். குழல், சுடுவதை விட்டுவிட்ட ஒரு அக்காவிடமிருந்து வந்தது. தோளில் பதியும் கட்டையை என் உயரத்துக்குத் திருத்திக் கொடுத்தார் கிளப்பின் மெக்கானிக் அண்ணன். மிச்சம் இருந்தது ஆக்‌ஷன். குழலுக்குப் பின்னால் உட்காரும் எஃகுக் கூடும், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டும் சேர்ந்ததுதான் ஆக்‌ஷன். தோட்டாவை உள்ளே தள்ளுவதும் பூட்டுவதும் காலி உறையை வெளியே இழுப்பதும் அதன் வேலை. உரிமத்தில் ஏறும் எண்ணும் அதன் மேல்தான் பொறித்திருக்கும். மற்றதையெல்லாம் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்ற முடியாது.

சென்னையிலிருந்து வியாபாரி இரண்டு ஆக்‌ஷன்களைக் கொண்டுவந்து கிளப்பின் பூட்டறையில் வைத்துவிட்டுப் போனார். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. ஒண்ண வெச்சிக்கினு ஒண்ணத் திருப்பிக் குடுங்க. கீறல் வுழுந்தா அது உங்களுது," என்றார்.

ஒன்றில் கைப்பிடி வலப்பக்கம். கூட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே இடைவெளியே தெரியாது. விரலால் தொட்டால் எண்ணெயில் மிதப்பதுபோலப் போய் நிற்கும். இன்னொன்றில் கைப்பிடி இடப்பக்கம். யாரோ சொல்லி வரவழைத்து, பிறகு வாங்காமல் விட்டதாம். தூக்கி ஆட்டினால் போல்ட் லேசாக லொடலொடவென்றது.

எனக்கு இடக்கண்தான் குறி பார்க்கும். அதனால் இடத்தோளில் வைத்துச் சுடுகிறேன், இடக்கை விரல்தான் விசையில். வலக்கை முன்னால் துப்பாக்கியைத் தாங்கித் தோல் வாரில் கட்டியிருக்கும், அசைக்க முடியாது. ஆனால் இரவல் துப்பாக்கிகள் எல்லாமே வலக்கைக்காரர்களுக்குச் செய்தவை. ஒவ்வொரு குண்டுக்கும் நான் கன்னத்தைத் தூக்கி, இடக்கையைத் துப்பாக்கிக்கு மேலாக அந்தப் பக்கம் போட்டு, போல்ட்டை இழுத்துத் தள்ளி, திரும்பவும் கன்னத்தை அதே இடத்தில் பதிக்க வேண்டும். ஒரு போட்டிக்கு அறுபது தடவை. அதை அவ்வளவு வேகமாகச் செய்வேன் என்பதால் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர்கள்கூடத் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

"வலதுதான்," என்றேன் முதல் நாளே.

மெக்கானிக் அண்ணன் சதுரங்கப்பட்டினத்துக்காரர். படகு இன்ஜின் பிரித்துப் பழகிய கை. "நைசாத்தான் கீது. கல்யாணத்துக்குப் போட்டுகினு போற செருப்பாட்டம்," என்றார். "இங்க மணலு, உப்புக் காத்து. அந்த லொடலொடயையும் ஒரு தபா ஓட்டிப் பாரு."

"எனக்குப் பழகிடுச்சுண்ணா."

"கஷ்டத்த ஏம்மா பழகிக்கினு கீற?"

அந்த இடது போல்ட்டை நான் தொடவே இல்லை.

அந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. கிளப்பில் அது பெரிய விசேஷம். அணுமின் நிலையக் குடியிருப்புக் குடும்பங்கள் பட்டுப்புடவையோடு காரில் வந்து இறங்குவார்கள். நான் முதல் முறையாக அம்மாவை அழைத்துப் போனேன். அம்மா நடவு வேலைக்கும் களை எடுக்கவும் போகிறவள். முந்தின நாளே கல்லில் சந்தனம் அரைத்து எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டாள். கடைப் பொடியைக் குழைத்து வைத்தால் சாமிக்கு ஆகாது என்றாள்.

நீள மேஜையில் வெள்ளைத் துணி விரித்து எல்லாத் துப்பாக்கிகளையும் அடுக்கியிருந்தார்கள். மேஜை மேல் இருக்கும் எந்தத் துப்பாக்கியிலும் போல்ட் திறந்தே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். உள்ளே தோட்டா இல்லை என்று யார் பார்த்தாலும் தெரிய வேண்டும். பூஜை அன்றும் அதே சட்டம். மேஜையின் கடைசியில் குழலும் கட்டையும் இல்லாத என் இரண்டு ஆக்‌ஷன்களும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

கிளப் செயலாளரின் மனைவி அம்மாவின் சந்தனத்தை முகர்ந்து பார்த்தார். "அரைச்ச சந்தனமா? அப்ப நீங்களே எல்லாத்துக்கும் வைங்கம்மா," என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையாக வந்தாள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். நான் குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தேன். கடைசிக்கு வந்ததும் நின்றாள்.

"இன்னாடி இது, தலையுமில்ல காலுமில்ல. இதுக்கு மொகம் எங்க கீது?"

"எங்கயாவது வையிம்மா."

அம்மா குனிந்து பார்த்து, இருப்பதிலேயே பளபளப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். போல்ட் ஓடும் பள்ளத்தின் நடு. தாராளமாக விரல் நிறைய எடுத்து அங்கே அப்பினாள். இரண்டுக்கும்.

அங்கே வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். 'அங்க வேணாம்மா' என்றால் போதும். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் நடுவில் அம்மாவின் கையைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிமிழை நீட்டினேன். அவள் குங்குமமும் வைத்தாள். மெக்கானிக் அண்ணன் அப்போது வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயும் எலுமிச்சம்பழமுமாக அலைந்துகொண்டிருந்தார். அவர் இதைப் பார்க்கவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. விஜயதசமி அன்று எடுத்து ஒரு தடவை வேலை செய்ய வேண்டும். இரவு முழுக்க ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்திருக்கும். காலையில் நான் முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது சந்தனம் கட்டியாகக் காய்ந்திருந்தது. அண்ணன் அறையைத் திறந்துவிட்டு டீ வாங்கப் போனார்.

அவர் வரும்வரை காத்திருந்திருக்கலாம். துணியால் கண்ணுக்குத் தெரிந்ததைத் துடைத்தேன். வலது ஆக்‌ஷனின் போல்ட்டைத் தள்ளினேன். பாதியில் நின்றது. இது நிற்கிற போல்ட் இல்லையே என்று உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். கிர்ரென்று ஒரு சத்தம் வந்து பூட்டிக்கொண்டது. திறந்து பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. நகத்தால் வருடினால் ஓரிடத்தில் தட்டியது.

அதைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். பிறகு, கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதற்காகவே, இடது ஆக்‌ஷனை எடுத்துத் தள்ளினேன். அதிலும் அதே சந்தனம். போல்ட் லொடலொடவென்று அதை நொறுக்கித் தூளாக வெளியே தள்ளிவிட்டுப் போய்ப் பூட்டிக்கொண்டது.

அண்ணன் டீயோடு வந்தார். "அட, இதைக் கையில எடுத்துகினு கீறியா? குடு," என்றார். சுத்தமாகத் துடைத்து எண்ணெய் விட்டு, என் குழலோடும் கட்டையோடும் சேர்த்துத் திருகிக் கொடுத்தார். கோட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பாயில் படுத்து வெற்று உறையைப் போட்டு ஓட்டினேன். இடக்கை விசையிலிருந்து நாலு விரல் தூரம் பின்னால் வந்தது, இழுத்தது, தள்ளியது, திரும்பிப் போனது. கன்னம் இருந்த இடத்திலேயே இருந்தது. குறிவளையத்துக்குள் கறுப்பு வட்டம் அசையாமல் நின்றது. பத்து, இருபது என்று அறுபதும் ஓட்டினேன். எனக்குக் குறைந்துகொண்டே வந்த அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்று அப்போது தெரிந்தது.

எழுந்து வந்து வலது ஆக்‌ஷனை அவர் முன்னால் வைத்தேன். ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தார்.

"யாரு சாத்துனது?"

"நான்தான்."

"சந்தனத்தோடயா?"

"துணியால தொடச்சேன்."

"தொடச்ச. நல்லாத் தொடச்ச." டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். "எண்ணெக் கல்லு போட்டு இழுத்து வுட்டன்னா நகத்துல தட்டாது. அந்த வியாபாரி கண்ணாடி போட்டுப் பாத்தாலும் தெரியாது. இடத எடுத்துகினு கம்முனு இரு."

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆக்‌ஷனைப் புதுசு என்று நம்பி வாங்கப்போகிறவரும் என்னைப்போல ஒரே ஒரு இடம் உள்ள உரிமத்தோடு வருவார். உரிமத்துக்காக நான் எழுதிக் கொடுத்த அத்தனை காகிதத்திலும் ஒரு வரி பொய் கிடையாது. முதல் பொய்யை அந்தத் துப்பாக்கியிலேயே சேர்த்துக் கட்ட எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வியாபாரி வந்தார். அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கோட்டைக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார், நகத்தால் வருடினார்.

"இன்னாம்மா இது பேஜாரு. சந்தன வாசன வருது?"

"பூஜையில வெச்சோம் சார்."

"என் கடையில பில்லு புக்குக்குத்தான் பொட்டு. சாமானுக்குப் பக்கத்துல பூஜைத் தட்டக் கொண்டாந்தா வேலைய வுட்டே தூக்கிடுவேன். யாரு வெச்சது?"

"வெச்ச எடம் தப்புன்னு தெரிஞ்சும் பாத்துகினு நின்னது நான் சார். அழுத்திச் சாத்துனதும் நான்."

அவர் டார்ச்சை அணைத்தார். கோபம் போய்விட்டிருந்தது. "நீ சொல்லாம இருந்திருந்தா நான் பாத்திருக்க மாட்டேன். ஆனா சொல்லிட்ட. இத இனிமே புதுசுன்னு எப்படி விப்பேன்? வாங்கறவன் கேட்டா என்ன சொல்லுவேன்?"

"இத நானே எடுத்துக்கறேன்."

"அப்ப இடது? மறுபடி கேட்டா சீக்கிரத்துல வராதும்மா."

"உரிமத்துல ஒண்ணுதான் சார் எழுத முடியும்."

இடது ஆக்‌ஷனை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். மெக்கானிக் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ ஸ்க்ரூவைத் தேடினார்.

அன்று மாலை கீரை ஆய்ந்துகொண்டே அம்மா கேட்டாள், "எதுடி எடுத்த? நான் பொட்டு வெச்சதா?"

"நீதான் ரெண்டுக்கும் வெச்சியே."

"அப்ப எதுவா இருந்தா இன்னா," என்றாள் அம்மா, நிம்மதியாக. சந்தனத்தைப் பற்றி அவளிடம் நான் சொன்னதில்லை.

அண்ணன் எண்ணெய்க் கல் போட்டு மேட்டைச் சமப்படுத்தினார். கோடு மட்டும் போகவில்லை. செங்கல்பட்டில் உரிமப் புத்தகத்தில் அந்த எண்ணை எழுதி முத்திரை வைத்தார்கள். அதற்கப்புறம் வந்த மாநிலப் போட்டிக்கு என் துப்பாக்கியோடு போனேன். மேலாகக் கைபோட்டு இழுக்கும் அந்த வேகத்தை விட்டுவிட்டேன். கன்னம் அதே இடத்தில் பதிந்ததா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் விசையில் விரல் வைத்தேன். கடைசிக் குண்டு போகும்போது நேரம் அனேகமாக முடிந்திருந்தது. பக்கத்துப் பாய்களில் எல்லோரும் எழுந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. தகுதி மதிப்பெண்ணை ஒரே ஒரு புள்ளியில் தாண்டியிருந்தேன்.

போல்ட் அந்தக் கோட்டைக் கடக்கும்போது விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது. அந்த இடம் வந்ததும் மூச்சை விடுகிறேன்.